குளிர்ந்த தண்ணீரில் நீந்த என்ன உடுத்துவது? கரையில் போடும் உடுப்பிலிருந்து தொடங்குங்கள்

லண்டன் பக்கம் ஏரியிலும் குளத்திலும் நீந்த ஆசைப்பட்டு வருகிற நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வெட்சூட் (உடம்போடு ஒட்டிக்கிடக்கும் ரப்பர் நீச்சலுடை) வாங்கலாம் என்றுதான். பொத்தானே இல்லாத, தொளதொளவென்ற ஒரு கம்பளி ஸ்வெட்டர் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். தண்ணீருக்குள் இருக்கப்போவது பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அதைவிடக் கஷ்டமான அரை மணி நேரம் கரையேறிய பிறகு வருகிறது, அதற்குத்தான் ஒருவரும் தயாராக வருவதில்லை.

எனக்கு இது புரிந்தது ஒரு நவம்பர் காலையில். தண்ணீர் 8 டிகிரி. நன்றாகத்தான் நீந்தினேன், நன்றாகத்தான் வெளியே வந்தேன், உடம்பெல்லாம் சிவந்து ஒரு உற்சாகமாகக்கூட இருந்தது. துண்டால் துடைத்துவிட்டுச் சட்டையை மாட்டிப் பொத்தானைப் பிடித்தால் பிடிபடவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே மாட்டேன் என்கின்றன. அதற்குள் நடுக்கம் பிடித்துக்கொண்டது, பல் தந்தியடிக்கிறது. பக்கத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா ஒன்றும் பேசாமல் வந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் போடுவது மாதிரி மேலிருந்து கீழே ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டு, தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்தச் சட்டையை அதற்கப்புறம் ஏரிக்கு எடுத்துப் போனதே இல்லை.

நடந்தது இதுதான். குளிர்ந்த நீரில் இறங்கியதும் உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றப் பார்க்கும். வெளியே வந்த பிறகும் தோலுக்கு அடியில் இருக்கும் குளிர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் கரையேறிப் பத்து நிமிடம் கழித்துத்தான் உடம்பின் உள்வெப்பம் இன்னும் கீழே போகும். இங்கே நீந்துகிறவர்கள் இதை ‘ஆஃப்டர்டிராப்’ என்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குள், மரத்துப்போன விரல்களை வைத்துக்கொண்டு, நீங்கள் முழுசாக உடுத்தி முடித்திருக்க வேண்டும்.

ஆகவே பொத்தான் வேண்டாம், லேஸ் கட்டும் ஷூ வேண்டாம், இறுக்கமான ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஈர உடம்பில் ஜீன்ஸ் ஏறாது. தலைவழியாக மாட்டும் பனியன் (பருத்தியைவிட மெரினோ கம்பளி நல்லது, கொஞ்சம் ஈரமானாலும் சூடு கொடுக்கும்), மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றை மறிக்கும் கோட், எலாஸ்டிக் வைத்த டிராக் பேன்ட், கால் நுழைத்தால் போதும் என்கிற மாதிரி செருப்போ பூட்ஸோ, தடித்த சாக்ஸ், கம்பளிக் குல்லாய், விரல் தனித்தனியாகப் பிரியாத கையுறை. பெண்கள் கொக்கி வைத்த உள்ளாடையை அன்றைக்கு விட்டுவிடலாம், அந்தக் கொக்கியோடு போராடுகிற நேரத்தில் இரண்டு உடுப்பு மாட்டிவிடலாம். ஈர உடுப்பைக் கழற்றியதும் முதலில் மேல் உடம்பை மூடுங்கள், கால் அப்புறம். பையில் அடுக்கும்போது கடைசியில் போடுவதை அடியிலும் முதலில் போடுவதை மேலேயும் வைத்து, பனியனையும் ஸ்வெட்டரையும் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்தே வைத்துவிட்டால் ஒரே இழுப்பில் இரண்டும் ஏறிவிடும். இந்தத் துணிக்கட்டுக்கு நடுவில் ஒரு வெந்நீர்ப் பை வைத்துப் பாருங்கள், அவ்வளவு சுகம்.

சரி, இனி தண்ணீருக்குள். காற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தண்ணீரின் வெப்பநிலையைக் கேளுங்கள். ஹாம்ப்ஸ்டெட் ஹீத் குளங்கள் மாதிரியான இடங்களில் அன்றைய அளவை எழுதியே வைத்திருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்கள்தான் ஏமாற்றும். வெளியே 20 டிகிரி வெயில் அடிக்கும், தண்ணீர் இன்னும் 11, 12-ல் கிடக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

என் கணக்கு இது. 18-க்கு மேலே சாதாரண நீச்சலுடை போதும். 14 முதல் 18 வரை, புதியவர் என்றால் வெட்சூட். அதற்குக் கீழே வெட்சூட்டோடு கைக்கும் காலுக்கும் நியோப்ரீன் (வெட்சூட் தைக்கிற அதே ரப்பர்) உறைகள். 10-க்குக் கீழே உள்பக்கம் பஞ்சுபோல் மெத்தென்று தைத்த தெர்மல் வெட்சூட், தலைக்கும் நியோப்ரீன் தொப்பி, நேரமும் சில நிமிடங்கள்தான். ஒல்லியான உடம்புக்காரர்கள் ஒரு படி முன்னாலேயே கனமான உடுப்புக்குப் போய்விடுங்கள்.

வெட்சூட் என்றதும் அலைச்சறுக்குக்கானதை வாங்கிவிடாதீர்கள், அது வேறு. சறுக்குப் பலகையில் உரசும் என்பதால் அதற்கு வெளியே துணி ஒட்டியிருப்பார்கள், கையை வீசி நீந்தினால் கொஞ்ச தூரத்திலேயே தோள் கடுக்கும். நீச்சலுக்கானது வெளியே வழவழவென்று இருக்கும், நெஞ்சிலும் தொடையிலும் 4, 5 மில்லிமீட்டர், தோளில் மட்டும் 1.5, 2 மில்லிமீட்டர் என்று மெலிந்திருக்கும். 5-க்கு மேல் தடிமனுக்கு டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த) போட்டிகளில் அனுமதி கிடையாது. உள்ளே புகுந்த தண்ணீர் சூடாகி நம்மைக் காப்பாற்றுகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் சூட்டைத் தடுப்பது அந்த ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் சின்னச் சின்ன வாயுக் குமிழ்கள். தண்ணீர் உள்ளே வந்து வந்து போனால் சூடும் அதோடு போய்விடும். அதனால்தான் அளவு முக்கியம். கடையில் போட்டுப் பார்க்கும்போது கொஞ்சம் மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கமாகத்தான் இருக்கும், அது சரி. ஆனால் முதுகின் கீழ்ப்பகுதியில் பள்ளமாகக் காற்று நின்றாலோ, அக்குளில் மடிப்பு விழுந்தாலோ பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள் இழுத்தால் ஒன்று சின்னது, இல்லையென்றால் கவட்டை வரை சரியாக ஏற்றி மாட்டவில்லை.

மாட்டும்போது காலில் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். நகத்தால் பிடித்து இழுக்கக் கூடாது, அந்த வழவழப்பு பிறை வடிவத்தில் கிழிந்துவிடும், விரலின் சதையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுங்கள். கடல் என்றால் கழுத்து உரசிப் புண்ணாகும், அதற்கென்றே விற்கும் பசை தடவுங்கள், வாஸ்லின் வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும்.

தலைக்கு சிலிக்கான் தொப்பி, ஆரஞ்சோ பளீர் மஞ்சளோ, படகுக்காரர் கண்ணில் படுகிற நிறம். கறுப்பு வேண்டாம். இடுப்பில் கட்டி இழுத்துப்போகும் காற்றுப் பையும் அப்படித்தான். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் பின்னிக் கொண்டை போட்டு, நீண்ட முடிக்கென்று விற்கும் பெரிய தொப்பிக்குள் அடக்கிவிடுங்கள், நனைந்த பின்னல் கரையில் முதுகெல்லாம் குளிரை இறக்கும். காதில் அடைப்பான் வையுங்கள். பல வருடம் குளிர்நீர் பட்டுக்கொண்டே இருந்தால் காதுக்குள் எலும்பு வளரும், அலைச்சறுக்கு வீரர்களிடம் அதிகம் பார்க்கிற விஷயம் அது. அப்புறம், மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குளிரில் விரல் சுருங்கும், கல்யாண மோதிரம் உருவிக்கொண்டு போனால் ஏரி திருப்பித் தராது.

உடம்பு தெரியக் கூடாது என்று பருத்தி டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் போட்டு இறங்குகிற பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கையை இழுக்கும், துளி சூடும் தராது. முழுக்கை, முழுக்கால் லைக்ரா நீச்சலுடை கிடைக்கிறது, வெட்சூட்டுக்கு உள்ளேயும் போடலாம். அதுவும் சூட்டுக்கு உதவாது, ஆனால் இடைஞ்சல் செய்யாது.

வெட்சூட்டே போடாமல் நீந்துகிறவர்களைப் பார்த்து ஆசை வரும். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறவர்களுக்கு அதுதான் விதி, ஒரு நீச்சலுடை, ஒரு தொப்பி, ஒரு நீச்சல் கண்ணாடி. 1994-ல் நம் குற்றாலீஸ்வரன் சிறுவனாக இருக்கும்போதே அதைக் கடந்தார். பாக் நீரிணையை நீந்திப் போய்த் திரும்பி வந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1984-ல் அதே கால்வாயில் உயிரை விட்டார். அப்பேர்ப்பட்ட நீச்சல்காரரையும் அந்தத் தண்ணீர் விடவில்லை. வெட்சூட்டைக் கழற்ற வேண்டுமென்றால் கோடையில் தொடங்கி, வாரம் ஒரு முறையாவது இறங்கி, தண்ணீர் குளிரக் குளிர உடம்பையும் கூடவே பழக்குங்கள். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள், தனியாக ஒருநாளும் இறங்காதீர்கள்.

புது வெட்சூட்டோடு முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் நில்லுங்கள். கழுத்துப் பட்டையை விரலால் விலக்கிக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டால் ரப்பர் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், நெஞ்சு இறுக்கமும் தளரும். மூச்சு சீராகும் வரை அங்கேயே நின்று, அப்புறம் கரையை ஒட்டியே நீந்துங்கள்.