கார் இல்லாமல் ஒரே நாளில் சிங்கப்பூரின் 1942 போர்க்களங்கள்

1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியப் படை சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில், சரிம்பூனில் இறங்கியது. மறுநாள் இரவு கிராஞ்சி, 11ஆம் தேதி புக்கிட் தீமா, 13, 14 தேதிகளில் பாசிர் பாஞ்சாங் குன்றுகள், 15ஆம் தேதி மாலை பிரிட்டிஷ் படையின் சரணடைவு. நீங்களும் அதே திசையில், வடக்கே தொடங்கித் தெற்கே இறங்குங்கள். போரின் போக்கு புரியும் என்பது ஒரு காரணம். வெயில் அதைவிடப் பெரிய காரணம். நிழலில்லாத கிராஞ்சி காலையிலேயே முடிந்துவிடும், உச்சிவெயில் நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் இருப்பீர்கள்.

திங்கட்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சரணடைவு நடந்த பழைய ஃபோர்ட் கார் தொழிற்சாலை (இப்போது அருங்காட்சியகம்), பாசிர் பாஞ்சாங்கிலுள்ள புக்கிட் சந்து அருங்காட்சியகம் இரண்டுக்கும் அன்று வார விடுமுறை. இரண்டிலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம், மற்றவர்களுக்குச் சிறு கட்டணம் உண்டு. பேருந்து, எம்ஆர்டி (நகர ரயில்) இரண்டுக்கும் தொடாமல் செலுத்தும் வங்கி அட்டையே போதும். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையைத் தட்டி இருவர் போக முடியாது. பேருந்திலிருந்து இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள். மறந்தால் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் வரையிலான கட்டணம் பிடிக்கப்படும்.

கிராஞ்சி: 8.30 முதல் 10 வரை

நகர மையத்தின் சிட்டி ஹால் நிலையத்தில் ஜூரோங் ஈஸ்ட் செல்லும் வடக்கு-தெற்குப் பாதை ரயிலில் ஏறினால் கிராஞ்சிக்கு முக்கால் மணி நேரம். நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் சாலையோரமாகப் பதினைந்து நிமிடம் நடந்தால் போர் நினைவகம். சாலை முழுக்கக் கனரக லாரிகள், ஆனாலும் நடைபாதை இருக்கிறது. காலை ஏழு மணிக்கே திறந்துவிடுவார்கள்.

இங்கே 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. மேட்டின் மேலுள்ள தூண்களில், கல்லறை எதுவென்று தெரியாத 24,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் இருக்கின்றன. இந்திய வீரர்களின் பெயர்கள் அவற்றில் ஏராளம். பலரும் இந்தத் தூண்களைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால்தான் தகன நினைவுச்சின்னம் இருக்கிறது. தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட கிட்டத்தட்ட 800 பேரின் பெயர்கள் அதில் உள்ளன, பெரும்பாலானோர் இந்தியப் படையினர். அதைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

குறிப்பிட்ட ஒருவரைத் தேடிப் போகிறீர்கள் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே தேடித் தூண் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக இருப்பதால், பிரிவு தெரியாமல் நேரில் தேடினால் நாளே போய்விடும். நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். முத்துசாமிக்கே நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் வரும், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ தெரிந்தால் சரிபார்க்க உதவும், சில பதிவுகளில் அவையும் இருக்கின்றன.

சரிம்பூன் கரையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இந்த ஒருநாள் திட்டத்தில் வேண்டாம். போக வர நேரத்தைத் தின்றுவிடும், அங்கே போய்ப் பார்க்கக் கிடைப்பது ஒரு நினைவுப் பலகைதான்.

ஃபோர்ட் தொழிற்சாலை: 10.45 முதல் 12 வரை

இந்த நாளில் தவறு நடக்க அதிக வாய்ப்புள்ள இடம் கிராஞ்சியிலிருந்து கிளம்பும் பேருந்துதான். நிலையத்துக்குத் திரும்பி வந்து, குவீன் ஸ்ட்ரீட் போகும் 170ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். அதே 170 எதிர்த்திசையில் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போகிறது. மாறி ஏறினால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் இறங்கி நிற்பீர்கள். 170எக்ஸ் என்று ஒன்றும் வரும். அது கிராஞ்சிக்கும் ஜொகூருக்கும் இடையில் மட்டும் ஓடுவது, உங்களுக்கு உதவாது. ரயிலில்தான் போவேன் என்றால் சுவா சூ காங்கில் எல்ஆர்டிக்கு (சிறு ரயில்) மாறி, புக்கிட் பாஞ்சாங்கில் மறுபடி டௌன்டவுன் பாதைக்கு மாற வேண்டும்.

பேருந்தில் சுமார் அரை மணி நேரம் ஆகும். ஹியூம் எம்ஆர்டி நிலையத்தை வரைபடத்தில் பார்த்துக்கொண்டே வந்து இறங்குங்கள். தொழிற்சாலை சாலையின் மறுபக்கம் இருக்கிறது. பழைய வழிகாட்டிகள் ஹில்வியூ நிலையத்தைச் சொல்லும். ஹியூம் 2025 பிப்ரவரியில்தான் திறந்தது, நடை அதிலிருந்து குறைவு.

சரணடைவு நடந்த இடம் இரண்டாவதாகவே வந்துவிடுகிறது. இந்தப் புக்கிட் தீமா பகுதி 11ஆம் தேதியே ஜப்பானியர் கைக்குப் போயிருந்ததால் ஜப்பானியத் தளபதி யமாஷிதா இங்கே இருந்தார், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல்தான் தேடி வந்து கையெழுத்திட்டார். அந்த அறையில் இருக்கும் மேசை நகல்தான். அசல் ஆஸ்திரேலியாவில், கான்பராவின் போர் நினைவகத்தில் இருக்கிறது. அறையைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆக்கிரமிப்புக் கால வாழ்க்கையைச் சொல்லும் காட்சிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அருகிலுள்ள புக்கிட் பாத்தோக் குன்றில் ஜப்பானியர் போர்க்கைதிகளைக் கொண்டு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். இப்போது மிஞ்சியிருப்பது 120 படிக்கட்டுகளும் மேலே ஓர் ஒலிபரப்புக் கோபுரமும். நேரம் இறுக்கமாக இருந்தால் முதலில் விட்டுவிட வேண்டியது இதைத்தான்.

மதிய உணவை ரயில் மாலிலோ, ஒரு நிறுத்தம் தள்ளி பியூட்டி வேர்ல்ட் உணவங்காடியிலோ முடித்துக்கொள்ளுங்கள். பாசிர் பாஞ்சாங்கில் இறங்கியபின் தேடலாம் என்று தள்ளிப்போட்டால் பசியோடு குன்றேற நேரும்.

பாசிர் பாஞ்சாங்: 1.45 முதல் 3 வரை

டௌன்டவுன் பாதையில் பொட்டானிக் கார்டன்ஸ் வரை போய், வட்டப்பாதைக்கு மாறி ஏழாவது நிறுத்தத்தில் இறங்குங்கள். பெப்பிஸ் சாலை வழியாகப் புக்கிட் சந்து வரை பத்து, பதினைந்து நிமிட ஏற்றம். தூரம் குறைவு, ஆனால் நல்ல செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் நிலையத்திலிருந்து டாக்சி எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

மலாய்ப் படைப்பிரிவு கடைசிவரை நின்று போரிட்ட குன்று இது. லெப்டினன்ட் அட்னான் சைடி இங்கேதான் உயிர்விட்டார். அருங்காட்சியகம் சிறியது. பார்த்து முடித்ததும் பக்கத்திலுள்ள மரவுச்சி நடைபாலத்தில் நடந்து பாருங்கள். குன்று எவ்வளவு குறுகலான முகடு, இதைப் பிடித்தவருக்கு ஏன் கீழே எல்லாம் திறந்துகிடந்தது என்பது அங்கே நின்றால் விளங்கும். இடி கேட்டால் மட்டும் பாலத்துக்குப் போகாதீர்கள். பிற்பகல் இடிமழை இங்கே சர்வசாதாரணம்.

லேப்ரடார்: 3.30 முதல் 4.45 வரை

ரயிலில் ஒரே நிறுத்தம். லேப்ரடார் பார்க் நிலையத்திலிருந்து பெர்லேயர் ஓடையின் மரப்பலகை நடைபாதை வழியாகக் கடற்கரைக்கு இருபது நிமிடம். ஆறு அங்குலப் பீரங்கி மேடைகள், வெடிமருந்துக் கிடங்கு, இயந்திரத் துப்பாக்கிக் காவலரண் எல்லாம் மரங்களுக்கிடையே இருக்கின்றன. சுரங்கம் மூடிக்கிடக்கிறது, அதை நம்பிப் போக வேண்டாம்.

சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலையே பார்த்து நின்றதால்தான் ஊர் வீழ்ந்தது என்ற கதையை வழியெல்லாம் கேட்பீர்கள். கடலோரப் பீரங்கிகள் பலவற்றை நிலப்பக்கம் திருப்ப முடிந்தது, சுடவும் செய்தார்கள். குறை குண்டுகளில் இருந்தது. கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கான குண்டுகளே அதிகம், தரைப்படைமேல் சிதறி வெடிக்கக்கூடியவை மிகக் குறைவு.

குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்குப் பதில் செந்தோசாவின் சிலோசோ கோட்டைக்குப் போகலாம். வான்பாதைக்கு மின்தூக்கி உண்டு, கட்டணமில்லை.

மாலை

ஹார்பர்ஃப்ரண்ட் போய், வடகிழக்குப் பாதையில் தோபி காட், அங்கிருந்து சிட்டி ஹால். எஸ்பிளனேட் பூங்கா திறந்தவெளி என்பதால் எத்தனை மணியானாலும் பார்க்கலாம். இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னத்துக்கு 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டி, அங்கே எழுப்பினார்கள். திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1995இல் வைத்த குறிப்புக் கல் இப்போது இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் தங்குபவர்கள் தோபி காட்டில் இறங்காமல் ஃபேரர் பார்க் வரை போய்விடலாம். சரணடைந்த இந்திய வீரர்களை 1942 பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷார் பல்லாயிரக்கணக்கில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தது ஃபேரர் பார்க் திடலில்தான்.