பரோலோ ஊர்களில் மூன்று நாள்: ஒயின், சாப்பாடு, பஸ் வராத ஞாயிற்றுக்கிழமை

இத்தாலி ஒயின் சுற்றுலா என்றதும் எல்லோரும் டஸ்கனிக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். சாப்பாடும் ஒயினும் ஒரே தட்டில் வேண்டுமென்றால் வடமேற்கே பியட்மாண்ட் மாநிலத்தின் லாங்கே குன்றுகளுக்குப் போங்கள். பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு பெரிய சிவப்பு ஒயின்களும் ஆல்பா என்ற சிறு நகரத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் விளைகின்றன. இந்தத் திராட்சை மலைச்சரிவுகளை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

விசா, விமானம், அறை பிடிப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. மிலன் அல்லது டூரின் வரை வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. மாதம்

மே, ஜூன், செப்டம்பர் முதல் பாதி: இவைதான் முதல்முறை போகிறவர்களுக்கு நல்லவை. ஆகஸ்ட் நடுவில் பல குடும்பப் பண்ணைகள் கதவை மூடிவிட்டு விடுமுறைக்குப் போய்விடும். இந்த இரண்டு ஒயினும் செய்யும் நெபியோலோ திராட்சை தாமதமாகப் பழுக்கும் இனம். அறுவடை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் நடக்கும். அந்த வாரங்களில் சிறு பண்ணைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான்) திருவிழா. வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ட்ரஃபிளுக்காகவே போகிறவர்கள் நவம்பரில் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

2. ஆல்பாவில் தங்குங்கள்

படத்தில் பார்த்த மலைமேல் கிராமத்திலேயே தங்க ஆசை வரும். கார் இல்லாவிட்டால் வேண்டாம். இரவு எட்டு மணிக்குமேல் அங்கே ஒரு உணவகம் மூடியிருந்தால் அடுத்ததற்கு மலையிறங்கிப் போக வழியிருக்காது. ஆல்பாவில் ரயில் நிலையம், ஏடிஎம், மருந்துக்கடை, சனிக்கிழமைச் சந்தை எல்லாமே நடக்கும் தூரம்.

டூரினிலிருந்து எஸ்.எஃப்.எம். 4 என்ற புறநகர் ரயில் ஆல்பா வரை வருகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம். சில நேரங்களில் ப்ரா என்ற ஊரில் மாற வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இது வட்டார ரயில். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். மொபைலில் வாங்கினால் செயலியிலேயே 'செக்-இன்' செய்ய வேண்டும். பணம் கட்டி வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் விழுவது இதனால்தான்.

3. வண்டியா, ஓட்டுநரா, காலா

கார் எடுத்தால் எல்லாம் சுலபம் என்று பல பயணத் தளங்கள் எழுதுகின்றன. பாதிதான் உண்மை. இத்தாலியில் ரத்தத்தில் மதுவின் அளவு லிட்டருக்கு 0.5 கிராமைத் தாண்டினால் குற்றம். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கு வரம்பு பூஜ்யம். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கான்டினாவில், அதாவது ஒயின் பண்ணையின் நிலவறையில், ஐந்து வகை ஊற்றுவார்கள். வகைக்கு 40 மில்லி என்றால் 200. நாளுக்கு இரண்டு கான்டினா என்றால் 400 மில்லி, பாதிப் பாட்டிலுக்கு மேல். அதுவும் 14 சதவீதத்தைத் தொடும் சிவப்பு ஒயின். குடிக்காமல் துப்புபவர்தான் ஓட்டலாம். கூட வந்தவர்களில் ஒருவர் மூன்று நாளும் துப்பச் சம்மதித்தால் கார் எடுங்கள்.

எடுக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். அதை ஊரிலிருந்தே வாங்கி வர வேண்டும். அடுத்து, ஆல்பாவின் பழைய நகரப் பகுதி போன்ற இடங்களில் 'இசட்.டி.எல்.' (ZTL) என்ற வாகனத் தடை வலயம் உண்டு. அங்கே யாரும் கைகாட்டி நிறுத்தமாட்டார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும். மாதங்கள் கழித்து அபராதம் வீடு தேடி வரும், அதற்கு முன்பே வாடகை நிறுவனம் விவரம் கொடுத்ததற்கென்று ஒரு தொகையை அட்டையில் பிடித்திருக்கும். காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள்.

டாக்சியைத் தெருவில் கைதட்டி நிறுத்த முடியாது. முன்பதிவு செய்யும் ஓட்டுநர் வண்டிக்கு அங்கே 'என்.சி.சி.' என்று பெயர். மூன்று நான்கு பேர் பகிர்ந்தால் அரை நாளுக்கு எடுப்பது கட்டுப்படியாகும். பஸ் வார நாட்களில் சில நடைதான், ஞாயிறன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் பஸ்ஸைவிடத் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை முதலில் பாருங்கள்.

என் யோசனை: மேலே போக வண்டி, கீழே வரக் கால். லா மோரா என்ற கிராமம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பரோலோ ஊர் சுமார் 300 மீட்டரில். காலையில் லா மோரா வரை வண்டியில் போய், அங்குள்ள பெல்வெடேரே திடலில் நின்று எதிரே எல்லாக் குன்றுகளையும் பார்த்துவிட்டு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பரோலோ வரை இறங்குங்கள். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். இரண்டுக்கும் நடுவில், ப்ருனாதே தோட்டத்தில், கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் ஒரு சிறு தேவாலயக் கட்டடம் நிற்கும். பூசை நடக்காத பழைய கட்டடம். 1999-இல் சோல் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரு ஓவியர்கள் வண்ணம் தீட்டினார்கள். மழை பெய்த மறுநாள் இந்தப் பாதை வேண்டாம். சுண்ணாம்பு கலந்த களிமண் செருப்பில் கிலோ கணக்கில் அப்பிக்கொள்ளும்.

4. கான்டினா முன்பதிவு: எல்லோரும் தடுக்கி விழும் படி இதுதான்

இது கடை இல்லை, வீடு. கேட்டில் மணி அடித்தால் பாட்டி வந்து எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். 'முன்பதிவுடன் மட்டும்' என்ற பலகை பெரும்பாலான கேட்டுகளில் தொங்கும். ஞாயிறன்று பல சிறு பண்ணைகள் திறப்பதில்லை.

மூன்று, நான்கு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். எளிய ஆங்கிலம் போதும். அதில் இருக்க வேண்டியவை: தேதி, மாற்றுத் தேதி ஒன்று, எத்தனை பேர், எந்த நேரம், எந்த மொழியில் விளக்கம் வேண்டும், உங்கள் வாட்ஸ்அப் எண். "ஏதாவது ஒரு நாள் வரலாமா" என்று கேட்டால் பதில் வராது. பதில் வந்த பிறகு மூன்று கேள்வி: கட்டணம் எவ்வளவு, பாட்டில் வாங்கினால் அது கழியுமா, எத்தனை வகை ஊற்றுவார்கள்.

நேரம் காலை 10, மாலை 3. நடுவே மதிய உணவு. ஒரு நாளைக்கு மூன்றாவது ஒன்றைச் செருகாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை மணி நேரம் போய்விடும். மூன்றாவதில் நாக்கு துவர்ப்பில் மரத்துப்போய் எது என்னவென்றே தெரியாது. இரண்டும் ஒரே ஊரில், அல்லது பக்கத்து ஊரில் இருக்கட்டும். வரைபடத்தில் 5 கிலோமீட்டர் என்பது இங்கே வளைந்து வளைந்து ஏறி இறங்கும் பாதை. வர முடியாவிட்டால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஒருவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருப்பார்.

பதிலே வரவில்லையா? பொது ஒயினகங்கள் இருக்கின்றன. பரோலோவில் கோட்டைக்குள் வட்டார ஒயினகம். லா மோராவில் ஊர்ப் பொது கான்டினா. பார்பரெஸ்கோவில் பழைய சான் தொனாதோ தேவாலயக் கட்டடமே ஒயினகம். பல பண்ணைகளின் ஒயினை ஒரே இடத்தில் கோப்பைக் கணக்கில் சுவைக்கலாம். முதல்முறை வருகிறவர் முதல் நாளே இங்கே போய், பிடித்த பெயரைக் குறித்துக்கொள்வது நல்ல வழி. பார்பரெஸ்கோவில் 1958 முதல் இயங்கும் விவசாயிகளின் கூட்டுறவான ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோவும் இருக்கிறது; நல்ல ஆண்டுகளில் ஒன்பது தனித் தோட்டங்களின் ஒயினைத் தனித்தனியாக அடைப்பார்கள். மண் மாறினால் சுவை எப்படி மாறுகிறது என்று பார்க்க இதைவிடக் கைக்கெட்டும் விலையில் வேறு வழி தெரியவில்லை.

5. கோப்பையில் என்ன பார்ப்பது

பரோலோவும் பார்பரெஸ்கோவும் நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்பவை. பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், பீப்பாயில் 9. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்: வெளிறிய மாணிக்க நிறம், ஆனால் வாயில் வைத்தால் ஈறுவரை துவர்ப்பு. புதுசாய்ப் போகிறவர்கள் "கசக்கிறதே" என்று கோப்பையை வைத்துவிடுவது இங்கேதான். கூடவே வரும் க்ரிசினி குச்சி ரொட்டியையோ ஒரு துண்டு சீஸையோ கடித்துவிட்டு மறுபடி ஒரு மிடறு குடியுங்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும். ரோஜாவும் செர்ரியும் அப்போதுதான் மேலே வரும்.

பரோலோவிலேயே மேற்கும் கிழக்கும் வேறு. லா மோரா, பரோலோ ஊர்ப் பக்கத்து ஒயின் மென்மையாகவும் வாசனையாகவும் இருக்கும். செர்ராலுங்கா, மோன்ஃபோர்தே பக்கத்து மண் பழையது, ஒயின் முரடு, பல ஆண்டு காத்திருக்கச் சொல்லும். ஒரு நாள் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும். தினசரிச் சாப்பாட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் குடிப்பது பரோலோ அல்ல, டோல்செட்டோ, பார்பேரா. கேட்டு வாங்குங்கள், பர்ஸுக்கும் நல்லது. இனிப்பான, மென்மையான ஒயினுக்கு மொஸ்காடோ டாஸ்டி, மதுவின் அளவு 5 சதவீதத்தை ஒட்டித்தான்.

6. மதியச் சாப்பாடு

12:30 முதல் 2 மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். 2:15-க்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள், இரவு 7:30 வரை ரொட்டிக்கடைதான் கதி. பல உணவகங்களுக்கு வார விடுமுறை செவ்வாய் அல்லது புதன். கான்டினா பதிவோடு மேசையையும் பதிவு செய்யுங்கள்.

முன்னுணவில் தொடங்கி இனிப்புவரை நான்கு சுற்றும் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு முன்னுணவு, ஒரு பாஸ்தா: இது முழுச் சாப்பாடு, யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்குச் சில யூரோ இருக்கும். ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், ஏமாற்று அல்ல.

முதலில் கேட்க வேண்டியது தாயரின். சேமியா போல மெல்லிசாக நறுக்கிய பாஸ்தா, மாவில் தண்ணீருக்குப் பதில் மஞ்சள்கரு. ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள்கரு போடும் வீடுகள் உண்டு. ஒரு நிமிடத்தில் வெந்துவிடும் என்பதால் சூடாக வந்தவுடனே சாப்பிட வேண்டும். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் கட்டியாகிவிடும். அடுத்து 'ப்ளின்', இறைச்சி அடைத்து விரலால் கிள்ளி மூடிய குட்டிப் பாஸ்தா. வித்தெல்லோ தொன்னாதோ என்றால் மெல்லிய கன்றிறைச்சித் துண்டின்மேல் சூரைமீன் குழம்பு. 'கார்னே க்ரூதா' பச்சைக் கன்றிறைச்சி, தெரிந்து வாங்குங்கள். குளிர்காலத்தில் பன்யா கவுதா: நெத்திலி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் மூன்றையும் சிறு தீயில் கரைத்த குழம்பில் காய்களை முக்கிச் சாப்பிடுவது. பூண்டு தாராளம் என்பதால் அன்று மாலை கான்டினா வைக்காதீர்கள், ஒன்றும் மணக்காது.

இனிப்புக்கு ஹேசல்நட் கேக். இந்தக் குன்றுகளின் ஹேசல்நட்டுக்குத் தனிப் புவிசார் குறியீடே உண்டு. நுட்டெல்லாவின் ஃபெர்ரெரோ நிறுவனம் 1946-இல் ஆல்பாவில் தொடங்கியதற்கும் இந்தக் கொட்டைக்கும் தொடர்பு இருக்கிறது. காலைக் காற்றில் சில நாள் ஊர் முழுக்கச் சாக்லேட் வாசம் வரும்.

7. வெள்ளை ட்ரஃபிள், எடைபோட்டு

மெனுவில் விலை இருக்காது, அல்லது கிராமுக்கு இவ்வளவு என்றிருக்கும். பாஸ்தாவின் விலை வேறு, சீவியதன் விலை வேறு. மேசைக்குக் கொண்டுவந்ததும் சீவுவதற்கு முன் எடை, சீவிய பின் எடை, வித்தியாசத்துக்குத்தான் காசு. கிராமுக்கு 4 யூரோ என்று வைத்துக்கொண்டால், 8 கிராம் சீவினால் 32 யூரோ பாஸ்தாவின் மேல் ஏறும். "எட்டு கிராம் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கை காட்டும்வரை சீவிக்கொண்டே இருப்பார்கள். வெண்ணெய் தாயரின், பொரித்த முட்டை: இரண்டில் ஒன்றின்மேல் மட்டும் போடுங்கள். வெள்ளை ட்ரஃபிளைச் சமைப்பதில்லை, சூட்டில் வாசனை பறந்துவிடும். ஜூலையில் "ட்ரஃபிள் பாஸ்தா" என்று வந்தால் அது மணம் குறைந்த கறுப்புக் கோடை ரகம். ட்ரஃபிள் எண்ணெய்ப் புட்டியை வாங்கவே வேண்டாம், பெரும்பாலும் செயற்கை வாசனைதான்.

8. பாட்டில் கொண்டுவருவது

கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான். துணிக்கு நடுவே, பெட்டியின் மையத்தில், ஒவ்வொன்றும் தனித்தனிக் காற்றுறையில். இந்தியாவுக்குள் வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் மது. 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1.5 லிட்டர், மூன்றாவது சேர்ந்தால் 2.25, வரம்பு தாண்டிவிடும். மூன்று வேண்டுமென்றால் ஒன்று அரைப் பாட்டிலாக இருக்கட்டும். சென்னை வெயிலில் ஃபிரிட்ஜுக்கு மேலே நிறுத்திவைத்த பரோலோ ஒரு கோடையில் வெந்துவிடும். குளிர்ந்த இடம் இல்லாதவர்கள் பத்து வருடம் காத்திருக்கும் பாட்டிலை வாங்காமல் பார்பேரா வாங்கிச் சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: சைவர்களுக்கு

இதைக் கேட்டவர்கள் அதிகம் என்பதால் தனியாகச் சேர்க்கிறேன். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் நெத்திலி போட்ட குடமிளகாய் வரும். பல சமையலறைகளில் மீன் இறைச்சிக் கணக்கில் சேராது. "இறைச்சி இல்லை, மீன் இல்லை, நெத்திலி இல்லை, இறைச்சி வேகவைத்த தண்ணீர் இல்லை" என்று நான்கையும் சொல்லுங்கள். கடைசியது ரிசொத்தோ என்ற அரிசி உணவில் ஒளிந்திருக்கும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு வெண்ணெயும் சேஜ் இலையும் போட்ட தாயரின் பாதுகாப்பு. காஸ்தெல்மான்யோ சீஸ் போட்ட ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டையும் நல்லது, மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள். ப்ளின் வேண்டவே வேண்டாம். பாரம்பரியச் சீஸ்களில் பாலை உறைய வைக்க விலங்கிலிருந்து எடுத்த பொருள் சேர்வது வழக்கம். அதையும் தவிர்ப்பவர்கள் ஆல்பாவில் சமையலறையோடு அறை எடுத்து, சனிக்கிழமைச் சந்தையில் காய் வாங்கிக்கொள்வதுதான் சரிப்படும்.