பிள்ளைக்கு மனநோய்னு தெரிஞ்சா வீட்டுக்கு உதவி எங்க தேடுறது

டாக்டர் நோயோட பேரைச் சொன்ன உடனே பெத்தவங்க மனசுல ஓடுறது "நாம எங்க தப்பு பண்ணோம்"ங்கிறதுதான். 1948ல ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன்னு ஒரு மனநல டாக்டர், பிள்ளைக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், வர அம்மாவே காரணம்ங்கிற அர்த்தத்துல ஒரு வார்த்தையையே எழுதி வச்சாங்க, பின்னாடி அது ஆதாரமில்லாததுன்னு தூக்கிப் போட்டாச்சு, சொந்தக்காரங்கதான் இன்னும் விடல.

முதல்ல தேட வேண்டியது பெரிய அமைப்பு எல்லாம் இல்ல, நம்மள மாதிரியே இருக்கிற இன்னொரு அப்பாவோ அம்மாவோதான். அமெரிக்காவுல மேடிசன் ஊர்ல 1977ல ரெண்டு அம்மாக்கள், ரெண்டு பேரோட பையனுக்கும் ஸ்கிசோஃப்ரினியா, உக்காந்து பேச ஆரம்பிச்சதுதான் 1979ல "நாமி" (NAMI)ன்னு நாடு முழுக்க ஒரு குடும்பங்களோட அமைப்பா ஆச்சு. ஆஸ்பத்திரில போய் வேற பேரன்ட்ஸ் நம்பர் கேட்டா தரமாட்டாங்க, தரவும் கூடாது. அதனால மாத்திக் கேளுங்க, "என் நம்பரை வச்சுக்கோங்க, யாராவது பேசத் தயாரா இருந்தா அவங்ககிட்ட குடுங்க"ன்னு. கவுன்சிலர்கிட்டயும் சோஷியல் வொர்க்கர்கிட்டயும் இதையே சொல்லி வைங்க.

சப்போர்ட் குரூப் கிடைச்சா ஒரு தடவை போயிட்டு சரியில்லன்னு விட்டுடாதீங்க, ரெண்டு மூணு தடவை போய்ப் பாருங்க. ஆனா அங்க யாராவது மாத்திரைய நிறுத்து, நான் ஒரு பவுடர் தர்றேன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "எதாவது வேணும்னா சொல்லு"ம்பாங்க, நாமளும் சரின்னு தலையாட்டிட்டு அதோட விட்டுடுவோம். அப்படி விடாம அந்த இடத்துலயே ஒரு வேலைய குடுத்துடுங்க: "வியாழக்கிழமை நாலு மணிலேருந்து ஆறு வரைக்கும் சின்னவன பாத்துக்க, நான் கொஞ்சம் தூங்கணும்." அந்த ரெண்டு மணி நேரத் தூக்கம் ஆடம்பரம் இல்லீங்க. யார்கிட்ட எவ்வளவு சொல்லலாம்னு மட்டும் பிள்ளையக் கேட்டுட்டுச் சொல்லுங்க, அது அவங்க விஷயம்.

ஸ்கூலுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, எது வந்தா பதட்டமாகுறான், எது பண்ணா அடங்குவான், யாரைக் கூப்பிடணும், அவ்வளவு போதும், எல்லா டீச்சருக்கும் நோய் பேரு தெரியணும்னு இல்ல. வீட்ல ஒரு நோட்டுல தூக்கம், சாப்பாடு, மாத்திரை, மூட் தினமும் ஒரு வரி எழுதுங்க, டாக்டர் ரூம்ல போய் உக்காந்தா எல்லாம் மறந்துரும். டிப்ரஷன் மாத்திரை வேலை செய்ய பொதுவா சில வாரம் ஆகும், அதனால நாலு நாள்ல மாற்றம் இல்லன்னு நீங்களா நிறுத்தாதீங்க. ஆனா ஆரம்பிச்ச புதுசுல பிள்ளை ரொம்ப படபடப்பா, வழக்கத்துக்கு மாறா இருந்தா காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

செத்துடலாம் போலருக்குன்னு பிள்ளை சொன்னா, இல்ல அப்படி ஒரு சந்தேகம் வந்தா, நேரா கேட்டுடுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. மாத்திரை, பூச்சிமருந்து, கத்தி எல்லாத்தையும் பூட்டி வைங்க, தனியா விடாதீங்க, அவசர நம்பருக்கு ஃபோன் பண்ணுங்க இல்லன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. அந்த நம்பரை நல்லா இருக்கிற நாள்லயே எழுதி ஒட்டி வச்சிருக்கணும், அந்த நேரத்துல கை நடுங்கும், தேட முடியாது.

அப்புறம் கூடப்பொறந்தது. அதுக்கும் வயசுக்குத் தகுந்த மாதிரி சொல்லிடுங்க, சொல்லலன்னா அன்னைக்கு அண்ணன்கூட நான் போட்ட சண்டையாலதான் அவனுக்கு இப்படி ஆச்சுன்னு அதுவே மனசுல ஒரு கணக்கு போட்டு வச்சிருக்கும்.