கார் பெயின்டுக்கு வேக்ஸ், சீலன்ட்: பளபளப்புக்கு ஆசைப்பட்டுச் செய்யும் தவறுகள்

கார் பெயின்ட் மேல் பூச எந்த வேக்ஸ் (மெழுகுப் பூச்சு) நல்லது என்று கேட்பவர்கள் நிறைய. உங்கள் காரை தினமும் யார், எதை வைத்துத் துடைக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அபார்ட்மென்டில் காலையில் வந்து கார் துடைப்பவருக்கு ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பழைய துணி. அதே தண்ணீரில் வரிசையாக எல்லாக் கார்களும் முடிந்துவிடும். முதல் காரின் மண் கடைசிக் காரின் பானட்டில் தேய்கிறது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காருக்கு இத்தனை என்று நாம் கொடுக்கும் காசுக்கு அவ்வளவுதான் நேரம் இருக்கும். ஆனால் அந்த ஏற்பாடு மாறாதவரை, 400 ரூபாய் வேக்ஸுக்கும், அதே வேலைக்கு வரும் 4,000 ரூபாய் செயற்கைப் பூச்சான சீலன்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியப்போவதில்லை. தண்ணீர் ஊற்றாமல் தூசியைத் துடைக்கவே கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, தனியாக இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் வேக்ஸ் பற்றி யோசிக்கலாம்.

காக்க வேண்டியது எவ்வளவு மெல்லியது

இன்றைய கார்களில் தகரத்தின் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). கிளியர் கோட் மட்டும் என்றால் சுமார் 40, 50 மைக்ரான். நாம் பிரின்ட் எடுக்கும் ஏ4 தாளின் கனத்தில் பாதி. பளபளப்பும் அதில்தான், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தும் அதில்தான். வேக்ஸோ சீலன்டோ இதன் மேல் படியும் இன்னொரு படலம். அதன் கனம் ஒரு மைக்ரான்கூட வராது.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பாதித் தவறுகள் நடக்காது. ஒரு மைக்ரான்கூட இல்லாத படலம் கல் தெறிப்பதைத் தடுக்காது. பக்கத்து பைக்கின் ஹேண்டில்பார் போட்ட கீறலையும் தடுக்காது. அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும், தண்ணீரை வழியவிடும், பறவை எச்சமோ பூச்சிச் சாறோ பெயின்டில் ஊறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். எச்சத்தை இரண்டு நாள் அப்படியே வெயிலில் விட்டால் எந்த வேக்ஸ் இருந்தாலும் தடம் விழும். ஈரத் துணியை அதன் மேல் சற்று நேரம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துவிட வேண்டும்.

பாலிஷும் வேக்ஸும் ஒன்று என்று நினைப்பது

இருப்பதிலேயே விலை கூடிய தவறு இது. பாலிஷ், ரப்பிங் காம்பவுண்ட் இரண்டிலும் அரைக்கும் துகள்கள் இருக்கும். கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சற்றுத் தேய்த்துச் சமமாக்குவதால்தான் கீறல் மறைகிறது. அதாவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெயின்ட் போகிறது. வேக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே பூசுகிறது, அவ்வளவே. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் “பாலிஷ் போட்டுடலாமா சார்?” என்று கேட்டால், மெஷினில் காம்பவுண்ட் போடப் போகிறார்களா, வெறும் வேக்ஸா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை காம்பவுண்ட் அடித்தால், விளிம்புகளிலும் மடிப்புகளிலும் கிளியர் கோட் முதலில் கரைந்துபோகும். போனது போனதுதான், மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

டப்பாவில் ‘கிளீனர் வேக்ஸ்’ என்று இருந்தால் அதிலும் லேசான அரைப்பான் இருக்க வாய்ப்புண்டு. பழைய, மங்கிய காருக்கு அது சரி. புது கறுப்புக் காருக்கு வேண்டாம்.

எதை வாங்குவது

கார்னாபா வேக்ஸுக்கு ஒரு மவுசு உண்டு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் மெழுகு அது. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்வது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல்பூச்சாகப் போவதும் இதே மெழுகுதான். சுமார் 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். கட்டியாக எடுத்தால் உளி வைத்து உடைக்கும் அளவுக்குக் கடினம். அதனால் ‘100% கார்னாபா’ என்று அச்சடித்த டப்பாவைப் பார்த்து மயங்க வேண்டாம். சுத்தக் கார்னாபாவைக் கையால் பூசவே முடியாது. கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகும் சேர்த்தால்தான் அது பசையாகும். அந்த 100% என்பது, உள்ளே போட்ட கார்னாபா கலப்படமில்லாதது என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு போட்டார்கள் என்று சொல்வதில்லை.

கார்னாபா தரும் பளபளப்பு அழகுதான், குறிப்பாக அடர் நிறங்களில். ஆனால் சென்னை வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் காரில் அது ஓரிரு மாதம் தாங்கினாலே பெரிது. சீலன்ட் என்பது செயற்கை பாலிமர். நான்கு முதல் ஆறு மாதம் வரை என்று லேபிள் சொல்லும். தினமும் வெயிலில் காயும் காருக்கு அதில் பாதியை நம்பலாம். தெருவில் நிறுத்துபவர்கள், கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள், மாதாமாதம் உட்கார்ந்து தேய்க்கப் பொறுமையில்லாதவர்கள் எல்லாரும் சீலன்ட் பக்கம் போவதே நல்லது. கவர்டு பார்க்கிங் இருந்து, ஞாயிற்றுக்கிழமை காரோடு கழிப்பதில் சந்தோஷம் இருந்தால் கார்னாபா. இரண்டும் வேண்டுமென்றால் சீலன்ட் முதலில், வேக்ஸ் மேலே. மாற்றிப் போட்டால் சீலன்டுக்குப் பிடிமானம் கிடைக்காது.

புதுக் கார் டெலிவரியின்போது ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று பில்லில் ஒரு வரி சேர்ப்பார்கள். டெஃப்லான் உருகுவது 327 டிகிரியில். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அதைப் பிடிக்கவைக்க உலைச் சூடு தேவைப்படுகிறது. கார் மேல் பஞ்சால் தேய்த்தால் அதேபோல் ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. கையில் கிடைப்பது அநேகமாக ஒரு சாதாரண சீலன்டின் பலன்தான்; கொடுக்கும் விலைதான் சாதாரணமில்லை. பெயின்ட் மேல் கடினமாக இறுகும் பூச்சான செராமிக் கோட்டிங்கின் விளம்பரத்தில் வரும் ‘9எச்’ என்பதும் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாவியால் கீறினால் விழாது என்று அதற்கு அர்த்தமில்லை.

கழுவியாச்சு, போதும் என்று ஆரம்பிப்பது

சுவரைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்தால் எப்படி உரிந்து வருமோ, அப்படித்தான் அழுக்கின் மேல் போடும் சீலன்டும். வாட்டர் வாஷ் முடிந்து கார் பளிச்சென்று இருக்கும். ஒரு மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டு, பானட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு தெரியும். பிரேக் தூசி, தார்த் துளி, மரப் பிசின், ரயில் பாதைப் பக்கம் நிறுத்தும் கார்களில் இரும்புத் துகள் என்று எல்லாம் ஒட்டியிருக்கும். இதை எடுப்பது கிளே பார். களிமண் போல் பிசையக்கூடிய கட்டி. நிறைய ஷாம்பு தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் வழுக்கவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் அதுவே கீறும். கட்டி கீழே விழுந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். தரை மண்ணை அதிலிருந்து எடுக்க முடியாது.

பாலிஷ் போட்ட காராக இருந்தால் அதன் எண்ணெய் மேலே மிச்சமிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒருமுறை துடைத்துவிட்டுச் சீலன்ட் போட்டால் நன்றாகப் பிடிக்கும். கார்னாபாவுக்கு இந்தக் கறார் தேவையில்லை.

போர் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் உப்பு வட்டம் வட்டமாக நிற்கும். அதன் மேல் சீலன்ட் போட்டால் வட்டமும் பத்திரமாக உள்ளே இருக்கும். கழுவுவது போர் தண்ணீரானாலும், கடைசி அலசலுக்கு இரண்டு பக்கெட் நல்ல தண்ணீர் கிடைத்தால் வித்தியாசம் தெரியும்.

பூசும்போது

வெயிலில் பூசாதீர்கள். நிழலில் நின்றாலும், கார் இப்போதுதான் ஓடி வந்திருந்தால் பானட் சூடாக இருக்கும். புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சூட்டில் கரைப்பான் சட்டென்று ஆவியாகி, மெழுகு திட்டுத் திட்டாக இறுகிவிடும். அதைத் துடைக்க அழுத்தித் தேய்ப்போம். அங்கேதான் புதுக் கோடுகள் விழும்.

அடுத்தது, அள்ளிப் பூசுவது. கனமாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு என்று தோன்றும். பெயின்டோடு ஒட்டுவது மிக மெல்லிய அடுக்குதான், மீதி எல்லாம் துணியோடு வந்துவிடும். பத்து ரூபாய் நாணயம் அளவு எடுத்தால் ஒரு கதவுக்குப் போதும். பூசியது கண்ணுக்கு லேசாக மங்கலாகத் தெரிந்தால் சரியான அளவு.

எப்போது துடைப்பது என்பதில் கடிகாரத்தை விட விரலை நம்பலாம். ஓரத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக, பளிச்சென்று வந்தால் துடைக்கலாம். இழுசினால் இன்னும் பொறுக்க வேண்டும். லேபிளில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தாலும், கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அதற்கு மேலும் ஆகும். சில புதுவகை சீலன்ட்களையும் ஸ்பிரேக்களையும் பூசியவுடனேயே துடைக்க வேண்டும், சிலவற்றை ஈரக் காரிலேயே அடித்து அலச வேண்டும். வேக்ஸ் போட்டுப் பழகிய கைதான் இங்கே ஏமாறும், லேபிளைப் படிக்காது.

சீலன்ட் போட்டபின் சில மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. சிலவற்றுக்கு ஒரு முழு நாள் வேண்டும். ஐப்பசி மழையில் வானத்தைப் பார்த்துக்கொண்டே பூசுவதைவிட, புரட்டாசியிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

கறுப்பு பிளாஸ்டிக்கில் வேக்ஸ் படவே கூடாது. பம்பர் ஓரம், வீல் ஆர்ச், கண்ணாடிக் கூட்டின் அடிப்பகுதி என்று எங்கே பட்டாலும் வெள்ளையாகக் காய்ந்து, மாதக்கணக்கில் பல்லிளிக்கும். இப்போதைய எஸ்யூவிகளில் பாதி உடம்பு இந்த பிளாஸ்டிக்தான் என்பதால் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். முன் கண்ணாடியிலும் வேண்டாம். மழை நேரத்தில் வைப்பர் இழுக்கும்போது புகைபோல் படரும்.

துணி விஷயத்தில் பனியன் வேஸ்டுக்கும் மஞ்சள் துணிக்கும் விடை கொடுங்கள். மைக்ரோஃபைபர் துணியிலும் ஓரத்தில் தைத்த லேபிளை வெட்டிவிட வேண்டும், அது கீறும். அதை வீட்டுத் துணிகளோடு போட்டுத் துவைத்தால் பஞ்சை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். வாசனைக்காகப் போடும் கண்டிஷனர் அதன் இழைகளை அடைத்துவிடும்.

போட்டபின் நாமே கழற்றுவது

பாத்திரம் கழுவும் லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது. வேக்ஸும் அதற்குப் பிசுக்குத்தான். கார் ஷாம்பு தனியாக வாங்கத்தான் வேண்டும். மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைத்தால் வண்டி மின்னும் என்பது பழைய டிரைவர்களின் பழக்கம். மின்னும், உண்மைதான், அரை நாளில் அந்த எண்ணெயில் தூசி படிந்து, பூசிய வேக்ஸையும் கரைத்திருக்கும்.

ஆயுத பூஜைக்கு பானட்டில் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் வைக்கிறோம். வைக்கட்டும். காய்ந்தபின் உலர்ந்த துணியால் சுரண்டாமல், அன்று மாலையே தண்ணீர் விட்டு நனைத்து எடுத்துவிடுங்கள். மஞ்சளும் குங்குமமும் வெள்ளைக் காரில் தங்கிவிட்டால் வேக்ஸ் போட்டிருந்தும் கறை நிற்கக்கூடும்.

சில கார்களுக்கு வேறு கணக்கு

மேட் ஃபினிஷ் காருக்குச் சாதாரண வேக்ஸ் கூடவே கூடாது. அதன் மங்கல் அழகே மேற்பரப்பின் நுண்ணிய மேடு பள்ளத்தில் இருக்கிறது. வேக்ஸ் அந்தப் பள்ளங்களை நிரப்பி அங்கங்கே திட்டாக மினுக்கும். அதற்கென்று தனிச் சீலன்ட் விற்கிறார்கள்.

இடி வாங்கி மறுபெயின்ட் அடித்த கதவுக்கோ பம்பருக்கோ உடனே எதையும் போடாதீர்கள். கம்பெனியில் பெயின்டை உடலோடு சேர்த்து உயர் சூட்டில் சுட்டெடுத்துவிடுவதால் புதுக் காருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டறைப் பெயின்டில் கரைப்பான் மெதுவாகத்தான் வெளியேறும். அதை மூடிவிட்டால் பெயின்ட் மங்கவோ கொப்புளிக்கவோ செய்யும். பெயின்டைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மாதம் வரை விடச் சொல்வார்கள்; எந்தப் பெயின்ட் என்று பட்டறையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செராமிக் போட்ட காரின் மேல் வேக்ஸ் போட்டால் கெடுதல் எதுவுமில்லை. ஆனால் தண்ணீர் வழிவதும் அழுக்கு ஒட்டுவதும் வேக்ஸின் குணத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காசுக்கு நல்ல ஷாம்பு வாங்கலாம்.

மறுபடி எப்போது போடுவது? தண்ணீர் முத்து முத்தாக நிற்கவில்லை என்றவுடன் டப்பாவைத் திறக்காதீர்கள். பல நேரம் மேலே படிந்த அழுக்குதான் அப்படிக் காட்டும். ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவிப் பாருங்கள். முத்து திரும்பி வந்தால் படலம் இன்னும் இருக்கிறது. கழுவியும் தண்ணீர் விரிந்து தேங்கி நின்றால், கிளே பாரிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.