குமுளியில டூரிசம் முடிவு எடுக்குறப்போ நம்ம பேச்சும் ஏறணும்னா என்ன பண்ணணும்

சீசன் வந்துட்டா தேக்கடி பக்கத்துல, கேரள எல்லையில இருக்குற நம்ம குமுளி ஜீப் ஸ்டாண்டுல ஒரே பேச்சுதான், பார்க்கிங்கை மாத்திட்டாங்க, டிக்கெட்டு ரேட்டை ஏத்திட்டாங்கன்னு. ஆனா அதை முடிவு பண்ணது எந்த ஆபீஸ்னு கேட்டா பாதி பேருக்குத் தெரியாது, எல்லாத்துக்கும் பஞ்சாயத்து பிரசிடெண்டைத் திட்டிட்டு டீ குடிச்சிட்டுப் போயிருவோம். அதனால முதல் வேலை யாரு எதுக்குப் பொறுப்புன்னு பிரிச்சுக்கிறது. காட்டுக்குள்ள டிரெக்கிங், மூங்கில் படகு, நுழைவுக் கட்டணம் எல்லாம் பெரியார் புலிகள் காப்பகம், அதாவது வனத்துறை. ஊருக்குள்ள குப்பை, கடை லைசென்ஸ், கழிப்பறை பஞ்சாயத்து. ஹோம்ஸ்டேக்கு டைமண்ட், கோல்டு, சில்வர்னு தரம் குடுக்குறது டூரிசம் டிபார்ட்மெண்ட். ஜீப் பெர்மிட் மோட்டார் வாகனத் துறை. மாவட்ட அளவுல வேலைகளைப் பார்க்குறது டிடிபிசி, அதாவது மாவட்ட சுற்றுலா மேம்பாட்டுக் கவுன்சில், அதுக்குச் சேர்மன் கலெக்டர். இடம் மாறிப் போன மனு மாசக்கணக்குல சுத்தும்.

அடுத்தது கிராம சபை. கேரளாவுல இது ஊருக்கு ஒண்ணு இல்ல, வார்டுக்கு ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும், வார்டு வாக்காளர்ல 10 சதவீதம் பேர் இருக்கணும். நம்மாளுங்க அரசு வீடு குடுக்குற பட்டியல்ல பேர் வந்திருக்கான்னு பார்க்கத்தான் போவாங்க, வந்திருந்தா கையெழுத்துப் போட்டுட்டு கிளம்பிருவாங்க. 1996ல ஊர்த் திட்டத்தை ஊர்க்காரங்களே போடுற மக்கள் திட்டம் வந்ததுல இருந்தே பஞ்சாயத்தோட வருஷத் திட்டம் ஒர்க்கிங் குரூப் (ஒவ்வொரு துறைக்கும் திட்டம் எழுதுற குழு), கிராம சபை, வளர்ச்சி செமினார்னு போய்க் கடைசியில மாவட்டத் திட்டக் குழுவுக்குப் போகுது. அங்க போய்ச் சேர்ந்த பிறகு கத்தி ஒண்ணும் ஆகாது, ஒர்க்கிங் குரூப் உட்காருறப்பவே மெம்பரைப் பிடிச்சு விஷயத்தை உள்ள நுழைக்கணும். "டூரிசத்தை மேம்படுத்தணும்"னு பொதுவா எழுதிக் குடுத்தா யாரும் தொட மாட்டாங்க. எந்த இடம், யாரு நிலம், கட்டினதுக்கு அப்புறம் கூட்டிப் பெருக்குறது யாரு, கரெண்ட் பில்லு யாரு கட்டுறதுன்னு எழுதுங்க. கடைசி ரெண்டும் ரொம்ப முக்கியம், பூட்டிக் கிடக்குற கழிப்பறை எல்லாம் அந்த ரெண்டு கேள்வியை யாரும் கேக்காம கட்டினதுதான்.

மலையாளம் எழுத வராதேன்னு ஒதுங்காதீங்க. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 படி தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைக்கும், சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடங்கள்ல இருக்குற அரசு ஆபீஸுக்கும் தமிழ்லயே எழுதலாம், பதிலும் தமிழ்லயே வரணும். கவுண்டர்ல மூஞ்சியைச் சுளிச்சா இந்தச் சட்டத்துப் பேரை மெதுவாச் சொல்லுங்க போதும். மனு குடுத்ததும் தேதியும் நம்பரும் போட்ட ரசீது வாங்காம நகராதீங்க.

காட்டுப் பக்க விஷயம்னா ஈடிசி, அதாவது வனத்துறையோட சேர்ந்து ஊர்க்காரங்க நடத்துற சூழல் மேம்பாட்டுக் குழு வழியாப் பேசுறதுதான் எடுபடும். முன்னாடி வயனாப் பட்டை (காட்டு லவங்கப்பட்டை) திருட்டா வெட்டிக்கிட்டு இருந்தவங்களையே 1990கள்ல வழிகாட்டியாவும் காவலாவும் மாத்தினாங்க, அது தேக்கடியில ஓடினதுக்குக் காரணம் போதனை இல்ல, சுற்றுலாவுல அவங்களுக்கும் வருமானம் வந்ததுதான். அதனால புதுசா ஏதாவது டிரெக்கிங், ஹோம்ஸ்டே கூட்டுன்னு யாராவது வந்தா பங்கு எவ்வளவு, எப்பக் குடுப்பாங்கன்னு பேப்பர்ல கேட்டு வாங்குங்க.

குடுத்த மனுவுக்குப் பதிலே வரலைன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும், 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் அப்பீல். "ஏன் பண்ணலை"ன்னு கேக்காதீங்க, அப்படிக் கேட்டா வழுக்கிப் பேசிருவாங்க. ஆர்டர் காப்பி, மீட்டிங் மினிட்ஸ், படகுக்குப் பயணிகள் எண்ணிக்கையோட குடுத்த சர்டிபிகேட் காப்பின்னு பேப்பரைக் கேளுங்க. 2009 செப்டம்பர் 30ல தேக்கடி ஏரியில ஜலகன்யகாங்கிற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தாங்க. அந்த மாதிரி சர்டிபிகேட்டை விபத்துக்கு முன்னாடி கேக்கலாம், யாரும் தடுக்க முடியாது.

இன்னொண்ணு, சூழல் உணர்திறன் மண்டலம்னு (காப்பகத்தைச் சுத்திக் கட்டுப்பாடு வர்ற பகுதி) மத்திய அரசு வரைவு அறிவிப்பு விட்டா ஆட்சேபம் சொல்ல 60 நாள் இருக்கும். ஹர்த்தால் நடத்துறதுக்கு முன்னாடி வரைவை வாங்கி உங்க சர்வே நம்பர் உள்ள வருதான்னு பாருங்க, வந்தா பட்டா காப்பியோட தனி ஆட்சேபமா அனுப்புங்க, ஜெராக்ஸ் எடுத்த ஒரே கடுதாசியில பேரை மட்டும் மாத்தி எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினா மொத்தத்தையும் ஒரே ஆட்சேபமா எண்ணி ஒதுக்கிரலாம்.