ரௌட்டர் நினைவகம் நிரம்புகிறதா? ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

இணையம் மந்தமானதும் ரௌட்டரை அணைத்துப் போடுவது எல்லோருக்கும் பழகிப்போன வைத்தியம். அதில் ஒரு நஷ்டம் உண்டு. பல வீட்டு ரௌட்டர்களில் லாக், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு, மின்சாரம் போனால் அழிந்துவிடும் ராமில்தான் இருக்கிறது. அணைத்த நொடியே, நினைவகத்தை எது தின்றது என்ற தடயமும் போய்விடும். அதனால் முதலில் பார்த்துவிடுவோம். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரௌட்டர்களுக்கான, லினக்ஸ் அடிப்படையிலான இலவச இயங்குதளம்) போட்ட ரௌட்டரை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: எந்த எண்ணைப் பார்ப்பது?

நிர்வாகப் பக்கத்தில் ஸ்டேட்டஸ், அதற்குள் ஓவர்வியூ. அங்கே மெமரி என்ற பகுதியில் ‘யூஸ்டு’ அதிகமாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமை கேஷாக, அதாவது படித்த தரவை மறுபடி சீக்கிரம் எடுக்கும் தற்காலிகச் சேமிப்பாக, வைத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும். நமக்கு முக்கியம் ‘அவைலபிள்’. 128 எம்பி ராமில் 40 எம்பி அவைலபிள் என்றால் நிம்மதியாக இருக்கலாம். அது 5 எம்பிக்கு இறங்கி அங்கேயே நின்றால்தான் சிக்கல்.

ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். ரௌட்டர் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை, சில மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை குறித்து வையுங்கள். பயன்பாடு அதே அளவில் இருக்க, அவைலபிள் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் ஏதோ ஒரு நிரலில் கசிவு இருக்கிறது, அதாவது அது எடுத்த ராமைத் திருப்பித் தராமல் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

படி 2: தின்பது எது?

எஸ்எஸ்எச் (கணினியிலிருந்து ரௌட்டருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) வழியாக உள்ளே போய், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளையைக் கொடுங்கள். அதில் விஎஸ்இசட் என்று தெரிவது அந்த நிரல் கேட்டு வைத்திருக்கும் முகவரி இடம்தான்; அத்தனையும் ராமில் உட்கார்ந்திருப்பதாக அர்த்தமில்லை. எது மேலே இருக்கிறது என்பதைவிட எது வளர்ந்துகொண்டே போகிறது என்று கவனிப்பதே பலன் தரும். விளம்பரத் தடுப்புப் பட்டியலைப் பெரிதாக ஏற்றியிருந்தால் தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்மாஸ்க் நிரல் வீங்கியிருக்கும். சிறிய பட்டியலுக்கு மாறினாலே ராம் கணிசமாகத் திரும்பக் கிடைக்கும்.

படி 3: டாப்பில் தெரியாத தீனி

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். ‘டிஎம்பி’ கோப்புறை பார்க்க டிஸ்க் மாதிரி இருக்கும், ஆனால் அது இருப்பது ராமில். தொகுப்புகளைப் புதுப்பிக்கும்போது (பழைய பதிப்புகளில் ‘ஆப்கேஜி அப்டேட்’) இறங்கும் பட்டியல்கள், நீங்கள் ஏற்றிய ஃபர்ம்வேர் (ரௌட்டரின் மென்பொருள்) கோப்பு எல்லாம் அங்கேதான் சேரும். ‘டிஎஃப்’ கட்டளையில் அளவைப் பார்த்து, நீங்களே வைத்த வேண்டாத கோப்புகளை மட்டும் அழியுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள்; ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் கோப்புகளும் அங்கே உண்டு.

அப்புறம், ஓவர்வியூவிலேயே ‘ஆக்டிவ் கனெக்‌ஷன்ஸ்’ எண்ணிக்கை இருக்கும். டொரன்ட் ஓடினால் இது ஆயிரக்கணக்கில் ஏறும். ரௌட்டரில் இணைப்புகளின் உச்ச வரம்பை உயர்த்துவதைவிட டொரன்ட் செயலியிலேயே இணைப்புகளைக் குறைப்பது நல்லது.

படி 4: லாக்

‘லாக்ரீட்’ கொடுத்து, ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால், ராம் தீர்ந்துபோய், இயங்குதளத்தின் மையமான கெர்னலே ஒரு நிரலைக் கொன்றிருக்கிறது. எந்த நிரல் என்றும் அந்த வரிகளிலேயே இருக்கும். ஆனால் கொல்லப்பட்டதுதான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. படி 2-இல் வளர்ந்துகொண்டே போனதாகக் கவனித்த நிரலோடு ஒப்பிடுங்கள்.

தேவையில்லாத சேவைகளை நிறுத்தியும் போதவில்லையா? ‘இசட்ராம்-ஸ்வாப்’ தொகுப்பை நிறுவலாம். ராமின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்து இடம் உண்டாக்கும். பதிலுக்கு சிபியு கொஞ்சம் உழைக்கும். 32 எம்பி ராம் உள்ள பழைய ரௌட்டர் என்றால் இதுவும் பெரிதாக உதவாது, மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, சிஸ்டம் அமைப்பில் லாகிங் பகுதிக்குப் போய், வெளி லாக் சர்வர் முகவரியாக எப்போதும் ஓடும் ஒரு கணினியைக் கொடுங்கள். அந்தக் கணினியில், லாக் வரிகளை வாங்கிச் சேமிக்கும் சிஸ்லாக் சேவை ஓட வேண்டும். இனி ரௌட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனாலும், அதுவரை அனுப்பிய லாக் வரிகள் அங்கே இருக்கும்.