கார் கதவில் காற்றிரைச்சல்: என் அனுபவம்

வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் போதும், ஓட்டுநர் பக்கக் கதவில் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் கிளம்பிவிடும். கதவு இடுக்கு முழுவதும் வெளிப்புறமாக மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டினேன், சத்தம் அடங்கியது. பிறகு பகுதி பகுதியாக உரித்துப் பார்த்ததில், ஜன்னல் சட்டத்தின் மேல்மூலை அகப்பட்டது. அங்கே காற்றை அடைக்கும் ரப்பர் பட்டை, தகரத்திலிருந்து லேசாக நழுவி, அதன் விளிம்பு தட்டையாகிக் கிடந்தது. காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால், தடையே இல்லாமல் வந்தது.

சோப்பு நீரில் துடைத்து, உலர்த்தி, ரப்பரை அழுத்திப் பொருத்தி, சிலிக்கான் கிரீஸ் தடவினேன். (பெட்ரோலிய எண்ணெய் கூடாது, ரப்பர் உப்பிவிடும்.) பிடிப்பு இன்னும் போதவில்லை. கதவுப் பூட்டு மாட்டும் வளையத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, திருகுகளைத் தளர்த்தி, இம்மியளவு உள்ளே தள்ளி இறுக்கினேன். இப்போது காகிதம் கிழிகிறதே தவிர, நழுவுவதில்லை. இரைச்சலும் போய்விட்டது.